போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யலையா? என்ன காட்டுதுன்னு பாத்து பிழையை பிடிக்கிற வழி

வெளில இருந்து ஒரு போர்ட்டுக்கு (ஒவ்வொரு சர்வீஸுக்கும் இருக்குற கதவு நம்பர்) வர்றதை வீட்டுக்குள்ள ஒரு மெஷினுக்கு அனுப்ப ரவுட்டர்ல ரூல் போட்டாச்சு, சேவ் பண்ணியாச்சு, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆனும் பண்ணியாச்சு, ஆனாலும் வெளில இருந்து பாத்தா கேமராவோ கேம் சர்வரோ வரமாட்டேங்குது. இந்த இடத்துல முக்கால்வாசி பேர் பண்றது என்னன்னா, ரூலை அழிச்சுட்டு அதே ரூலை திரும்ப போடுறது, அதுவும் ஆகலைன்னா டிஎம்ஸெட் (ஒரு மெஷினோட எல்லா போர்ட்டையும் திறந்து விடுற ஆப்ஷன்) ஆன் பண்றது, கடைசில ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்றது. பல வீடுகள்ல இதை திரும்ப திரும்ப சரி பண்ணதுல நான் பாத்தது, ரூல்ல தப்பு இருக்குறது குறைவுதான். வெளில இருந்து வர்ற பாக்கெட் (நெட்ல போற டேட்டா துண்டு) ரவுட்டர் வரைக்குமே வராம நின்னு போறதும், வீட்டுக்குள்ள வந்து சேர்ந்தும் கம்ப்யூட்டர் அதை வாங்கிக்காம விடுறதும்தான் அதிகம். அதனால பாக்கெட் எங்க வரைக்கும் வருதுன்னு முதல்ல பாருங்க, செட்டிங்ஸ்ல கை வைக்கிறதை அதுக்கப்புறம் வச்சுக்கலாம்.

## டெஸ்ட் பண்ற விதம் சரியா இருக்கணும்

மூணு விஷயம் இல்லாம கீழ இருக்குற எதையும் ஆரம்பிக்காதீங்க.

ஒண்ணு, உள்ள சர்வீஸ் ஓடிக்கிட்டு இருக்கணும். சர்வர் ப்ரோக்ராமை மூடி வச்சிட்டு போர்ட் செக்கர் சைட்ல போய் பாத்தா க்ளோஸ்டுன்னுதான் வரும், ஏன்னா அந்த சைட் ரூலை பாக்கறது இல்ல, அந்த போர்ட்ல யாராவது பதில் சொல்றாங்களான்னுதான் பாக்குது.

ரெண்டு, வெளில இருந்து டெஸ்ட் பண்றதுன்னா நிஜமாவே வெளில இருந்து பண்ணணும். ஃபோன்ல வைஃபை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பாருங்க. ஒரே வைஃபைல இருந்துகிட்டு பப்ளிக் ஐபியை (வெளி உலகத்துக்கு தெரியற அட்ரஸ்) அடிச்சு பாத்துட்டு வேலை செய்யலைன்னு முடிவு பண்ணிடாதீங்க, அது வேற கதை, கீழ வருது.

மூணு, ஒரு பேப்பர்ல மூணு அட்ரஸ் எழுதி வைங்க: சர்வர் ஓடுற மெஷினோட லோக்கல் ஐபி, ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல வேன் ஐபின்னு காட்டுற அட்ரஸ் (அதாவது நெட் லைன் பக்கம் ரவுட்டருக்கு கிடைச்சிருக்குறது), அப்புறம் ப்ரவுசர்ல என் ஐபி என்னன்னு தேடினா வர்ற அட்ரஸ். மூணாவது நீளமா எழுத்தும் எண்ணும் கலந்து நடுவுல ரெட்டைப் புள்ளிகளோட வந்தா அது ஐபிவி6, அதை விட்டுட்டு நாலு எண்கள் இருக்குற ஐபிவி4 அட்ரஸை எழுதுங்க. விபிஎன் ஏதாவது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிட்டு பாருங்க, இல்லன்னா விபிஎன் கம்பெனியோட அட்ரஸைத்தான் எழுதி வச்சிருப்பீங்க.

## வீட்டுக்குள்ளயே லோக்கல் ஐபி போட்டாலும் ஓப்பன் ஆகல

அப்ப இது ரவுட்டர் பிரச்சனையே இல்ல, ரவுட்டரை மறந்துடுங்க.

அதே மெஷின்ல ஓப்பன் ஆகுது, பக்கத்து கம்ப்யூட்டர்ல இருந்து ஆகலைன்னா ரெண்டு காரணம்தான் பெரும்பாலும். சர்வீஸ் 127.0.0.1ல (அதே மெஷினை மட்டும் குறிக்கிற அட்ரஸ்) மட்டும் காது கொடுத்துகிட்டு இருக்கலாம். விண்டோஸ்ல நெட்ஸ்டாட், லினக்ஸ்ல எஸ்எஸ் கமாண்ட் ஓட்டி உங்க போர்ட் இருக்குற வரியை பாருங்க, 127.0.0.1 னு இருந்தா வெளி ஆளுக்கு கதவே இல்ல, 0.0.0.0 னோ மெஷினோட சொந்த லோக்கல் ஐபியோ இருக்கணும். அந்த ப்ரோக்ராமோட செட்டிங்ஸ்ல பைண்ட் அட்ரஸ், லிசன் அட்ரஸ்னு ஒண்ணு இருக்கும், அங்க மாத்துங்க. டாக்கர்ல ஓட்டுறவங்க கண்டெய்னர் போர்ட்டை பப்ளிஷ் பண்ணியிருக்கோமான்னும் பாருங்க.

ரெண்டாவது காரணம் அந்த மெஷினோட ஃபயர்வால். விண்டோஸ்ல ஒரு ப்ரோக்ராமை முதல் தடவை ஓட்டும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும் இல்லையா, அதுல கேன்சல் அழுத்தியிருந்தா அந்த ப்ரோக்ராமுக்கு தடை ரூல் ஒண்ணு உருவாகி உட்கார்ந்திருக்கும், அதுக்கப்புறம் நீங்க அலோ ரூல் எத்தனை போட்டாலும் தடைக்குத்தான் முன்னுரிமை. இன்பவுண்ட் ரூல்ஸ் லிஸ்ட்ல அந்த ப்ரோக்ராம் பேர்ல சிவப்பு அடையாளத்தோட இருக்குறதை தேடி எடுத்துட்டு அப்புறம் அலோ போடுங்க.

கெஸ்ட் வைஃபைல மெஷின் இருந்தாலும் இப்படித்தான் ஆகும், கெஸ்ட்ல இருக்குறது மத்த மெஷின்களோட பேசக்கூடாதுங்கறதுக்காகவே செஞ்சது அது. மெயின் வைஃபைக்கோ, முடிஞ்சா கேபிளுக்கோ மாத்துங்க.

## மொபைல் டேட்டால வருது, வீட்டு வைஃபைல பப்ளிக் ஐபி போட்டா வரல

உங்க ஃபார்வர்டிங் நல்லாத்தான் இருக்கு, எதையும் மாத்தாதீங்க. உள்ள இருந்து கிளம்பி தன்னோட வெளி அட்ரஸுக்கே போற ட்ராஃபிக்கை திருப்பி உள்ள விடுற வசதி எல்லா ரவுட்டர்லயும் கிடையாது. நேட் லூப்பேக், ஹேர்பின்னு ஒரு ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணுங்க. இல்லன்னா வீட்டுக்குள்ள லோக்கல் ஐபி, வெளில பப்ளிக் ஐபின்னு ரெண்டு என்ட்ரி ஆப்ல வச்சுக்கலாம், இல்ல வீட்டு டிஎன்எஸ்லயே அந்த டொமைன் பேருக்கு லோக்கல் ஐபியை காட்ட வைக்கலாம். இதுக்காக புது ரவுட்டர் வாங்க வேண்டாம்.

## வெளில இருந்து ரொம்ப நேரம் சுத்திட்டு டைம் அவுட் ஆகுது

அதிகமா வர்றது இதுதான், காரணங்களும் இங்கதான் அதிகம். எழுதி வச்ச பேப்பரை எடுங்க, ரெண்டாவது அட்ரஸும் மூணாவது அட்ரஸும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

### ரெண்டும் வேற வேற, வேன் ஐபி 100ல ஆரம்பிக்குது

100.64 ல இருந்து 100.127 வரைக்கும் இருந்தா சந்தேகமே இல்ல, நீங்க சிஜிநேட்டுக்கு பின்னாடி இருக்கீங்க. ஐபிவி4 அட்ரஸ் பத்தாம போனதால ஒரே பப்ளிக் அட்ரஸை பல வீடுகளுக்கு பங்கு போட்டு கொடுக்குறாங்க, அதுக்குன்னே 2012ல ஒதுக்கின வரிசை இது. வெளில இருந்து வர்ற பாக்கெட் ஐஎஸ்பியோட (நெட் கொடுக்குற கம்பெனியோட) மெஷின்லயே நின்னுடும், உங்க ரவுட்டருக்கு அப்படி ஒண்ணு வந்ததே தெரியாது. இங்க ரூலை எத்தனை தடவை போட்டாலும், டிஎம்ஸெட் போட்டாலும், புது ரவுட்டரே வாங்கினாலும் ஆகாது. இதை அழுத்தி சொல்றேன், ஏன்னா இதுக்காக ராத்திரி பூரா ரவுட்டர் முன்னாடி உட்கார்ந்து நொந்து போனவங்க நிறைய பேர், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

வழிகள் எளிமைல இருந்து செலவு வரைக்கும் இப்படி போகும்:

டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு மெஷ் விபிஎன். சர்வர்லயும் உங்க ஃபோன்லயும் ஆப் போட்டா போதும், போர்ட்டே திறக்க வேண்டாம். நீங்களும் வீட்டு ஆளுங்களும் மட்டும் பாக்குற கேமரா, ஃபைல் சர்வர்னா இதோட முடிச்சுக்கலாம், சொல்லப்போனா பப்ளிக் ஐபி இருக்குறவங்களுக்கும் இதுதான் பாதுகாப்பு. வெப் பேஜ் மட்டும் எல்லாருக்கும் காட்டணும்னா கிளவுட்ஃப்ளேர் டனல் மாதிரி ஒண்ணு சரியா வரும்.

ஐபிவி6. சிஜிநேட் கொடுக்குற ஐஎஸ்பி பல இடத்துல ஐபிவி6ஐ நேரடியாவே கொடுத்திருப்பாங்க. அதுல ஃபார்வர்டிங்கே இல்ல, மெஷினுக்கே வெளி அட்ரஸ் இருக்கும், ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால்ல அந்த மெஷினுக்கு அந்த போர்ட்டை மட்டும் திறந்தா போதும். ஆனா பாக்குற பக்கத்துலயும் ஐபிவி6 இருக்கணும், மொபைல் நெட்ல பெரும்பாலும் இருக்கும், ஆஃபீஸ் நெட்ல இல்லாம போகலாம்.

ஐஎஸ்பிகிட்ட பப்ளிக் ஐபி கேக்கறது. சில பேர் கேட்டாலே மாத்தி கொடுப்பாங்க, சில பேர் ஸ்டாட்டிக் ஐபின்னு தனி பிளானா விப்பாங்க. உங்களுக்கு ஸ்டாட்டிக் தேவையில்ல, மாறிக்கிட்டே இருக்குற பப்ளிக் ஐபியே போதும், அதை சேத்து கேளுங்க.

கடைசியா ஒரு சின்ன விபிஎஸ் (பப்ளிக் ஐபியோட நெட்ல இருக்குற சர்வர்) வாடகைக்கு எடுத்து, வீட்டு சர்வர்ல இருந்து அதுக்கு வயர்கார்டுங்கற விபிஎன் டனல் போட்டு, விபிஎஸ்ல வர்ற போர்ட்டை டனல் வழியா வீட்டுக்கு திருப்புறது. கேம் சர்வர் நடத்துறவங்களுக்கு பப்ளிக் ஐபி கிடைக்கவே இல்லன்னா இதுதான் வழி, லினக்ஸ் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும்.

### ரெண்டும் வேற வேற, வேன் ஐபி 192.168, 10, இல்ல 172.16 முதல் 172.31 வரைக்கும்

ரவுட்டருக்கு மேல இன்னொரு ரவுட்டர் இருக்கு. ஐஎஸ்பி கொடுத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர், அதுக்கு பின்னாடி நீங்க வாங்கி மாட்டினது இன்னொண்ணு, இதுதான் டபுள் நேட். உங்க வீட்டுல அப்படி ரெண்டு பெட்டி இல்லவே இல்லன்னா ஐஎஸ்பியே 10 வரிசைல சிஜிநேட் பண்றாங்கன்னு அர்த்தம், மேல உள்ள பகுதிக்கு போங்க.

ரெண்டு பெட்டி இருந்தா முதல்ல ஐஎஸ்பி பெட்டிக்குள்ள லாகின் பண்ணி அதோட வேன் ஐபியை பாருங்க, அதுவும் ப்ரைவேட்டா (மேல சொன்ன 10, 192.168, 100.64 மாதிரி வரிசைல) இருந்தா இந்த வேலையை செஞ்சு பிரயோஜனம் இல்ல. பப்ளிக்கா இருந்தா மூணு வழி இருக்கு. உங்க ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் கொடுக்குற நிலை) மாத்திட்டு ஃபார்வர்டிங்கை ஐஎஸ்பி பெட்டிலயே போடுறது சுலபம், நான் முதல்ல சொல்றதும் இதுதான். இல்லன்னா ஐஎஸ்பி பெட்டில உங்க ரவுட்டருக்கும், உங்க ரவுட்டர்ல சர்வருக்கும்னு ரெண்டு இடத்துலயும் ரூல் போடலாம். மூணாவது ஐஎஸ்பி பெட்டியை ப்ரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுட்டு லைனை மட்டும் கடத்துற நிலை) மாத்துறது, அதுக்கு முன்னாடி பிபிபிஓஇ (நெட் லைனோட லாகின்) யூஸர்நேம், பாஸ்வேர்ட், வீலேன் நம்பர் மூணையும் கைல வாங்கிக்கோங்க, இல்லாம மாத்தினா நெட்டே போயிடும், லேண்ட்லைனும் டிவியும் அதே பெட்டில வந்தா அதுவும் நிக்கலாம். ப்ரிட்ஜ் பண்றதுல பயம் இருந்தா ஐஎஸ்பி ஆளை வரவழைச்சே செய்யுங்க.

### ரெண்டும் ஒண்ணுதான்

நல்ல செய்தி, பப்ளிக் ஐபி இருக்கு. இப்பதான் ரூல் பக்கம் வரணும். ரூலை ஒவ்வொரு கட்டமா படிங்க:

- இன்டர்னல் ஐபி கட்டத்துல இருக்குறதும் மெஷினோட இப்போதைய ஐபியும் ஒண்ணா? லேப்டாப்னா வைஃபைக்கு ஒரு ஐபி, கேபிளுக்கு ஒரு ஐபி, எதுல இருக்கீங்கன்னு பாருங்க.
- டிசிபியா யுடிபியா (பாக்கெட் போற ரெண்டு வகை)? மைன்கிராஃப்ட் ஜாவா 25565 டிசிபி, பெட்ராக் 19132 யுடிபி, வயர்கார்டு வழக்கமா 51820 யுடிபி. தெரியலைன்னா ரெண்டையும் கொடுத்து டெஸ்ட் பண்ணிட்டு தேவையில்லாததை அப்புறம் எடுத்துடுங்க.
- ரிமோட் ஹோஸ்ட், சோர்ஸ் ஐபின்னு ஒரு கட்டம் இருந்தா காலியா விடுங்க. அங்க தன்னோட பப்ளிக் ஐபியை எழுதி வைக்கிறவங்க ரொம்ப பேர், அப்படி எழுதினா அந்த அட்ரஸ்ல இருந்து வர்றவங்களை மட்டும் விடுன்னு அர்த்தமாயிடும். சோர்ஸ் போர்ட்டும் அப்படித்தான், வர்றவங்களோட சோர்ஸ் போர்ட் ஒவ்வொரு தடவையும் மாறும்.
- எந்த வேன் கனெக்ஷன்? ஃபைபர் பெட்டில இன்டர்நெட்டுக்கு ஒண்ணு, ஃபோனுக்கு ஒண்ணு, ஐஎஸ்பி தூரத்துல இருந்து மேனேஜ் பண்ண ஒண்ணுன்னு பல கனெக்ஷன் இருக்கும், ரூல் போடுற பேஜ்ல லிஸ்ட்ல முதல்ல இருக்குறது தானா செலக்ட் ஆகி நிக்கும். பப்ளிக் ஐபி எந்த கனெக்ஷன்ல இருக்கோ அதைத்தான் தேர்ந்தெடுக்கணும். மத்ததெல்லாம் சரியா இருந்து இது ஒண்ணு தப்பா இருந்ததை அவ்வளவு தடவை பாத்திருக்கேன்.
- எனேபிள் டிக் போட்டிருக்கா.

ரூல் சரின்னா அடுத்து மெஷின். வீட்டுக்குள்ள வருது வெளில இருந்து மட்டும் வரலைங்கறதுக்கு யாரும் யோசிக்காத காரணம் ஒண்ணு இருக்கு, டிஃபால்ட் கேட்வே. டிவிஆர், என்விஆர் (கேமரா பதிவு பண்ற பெட்டிகள்), பிரிண்டர் மாதிரி மெஷின்ல கையால ஐபி போடும்போது கேட்வே கட்டத்தை காலியா விட்டாலோ பழைய ரவுட்டர் அட்ரஸையே விட்டாலோ, வீட்டுக்குள்ள எல்லாம் ஜோரா வேலை செய்யும், ஆனா வெளில இருந்து வந்தவனுக்கு பதில் அனுப்ப வழி தெரியாது, பாக்கெட் வந்து சேர்ந்தும் பதில் போகாது. கேட்வேயா ரவுட்டரோட லோக்கல் ஐபி இருக்கணும். இதே மாதிரிதான் சர்வர் மெஷின்ல விபிஎன் ஆன்ல இருந்தா பதில் விபிஎன் வழியா வேற பக்கமா போயிடும், நிறுத்திட்டு பாருங்க.

விண்டோஸ்ல இன்னும் ரெண்டு இருக்கு. நெட்வொர்க் ப்ரைவேட்னு இருந்தது பப்ளிக்னு மாறியிருக்கலாம், அலோ ரூல் ப்ரைவேட்டுக்கு மட்டும் போட்டிருந்தா அத்தோட செத்தது. இன்னொண்ணு ரூலோட ஸ்கோப் டேப், அதுல ரிமோட் அட்ரஸ் லோக்கல் சப்நெட்னு இருந்தா வீட்டு ஆளுங்களை மட்டும்தான் விடும். தனியா ஆன்டிவைரஸ் போட்டிருந்தா அதுக்கும் சொந்தமா ஃபயர்வால் இருக்கும், மறக்காதீங்க.

அடுத்தது ஐஎஸ்பி தடுக்குற போர்ட். 25, 80, 443, 445 இதையெல்லாம் வீட்டு கனெக்ஷன்ல அடைச்சு வைக்கிறது பரவலா நடக்குது. வெளி போர்ட்டை 40000க்கு மேல ஏதாவது ஒண்ணா மாத்தி, உள் போர்ட்டை அப்படியே விட்டு டெஸ்ட் பண்ணுங்க. இப்ப வந்துட்டா தடுக்கறது ஐஎஸ்பிதான், இல்ல ரவுட்டரே அந்த போர்ட்டை தனக்குன்னு வச்சிருக்கு. புது போர்ட்டோடயே இருந்துக்கலாம்.

### எல்லாம் பாத்தாச்சு, இன்னும் டைம் அவுட்தான்

இப்ப பாக்கெட்டை கண்ணால பாத்துடணும். சர்வர் மெஷின்ல வயர்ஷார்க் இல்ல டிசிபிடம்ப் ஓட்டி, உங்க உள் போர்ட்டுக்கு ஃபில்டர் போட்டுட்டு, மொபைல் டேட்டால இருந்து கனெக்ட் பண்ணுங்க.

எதுவுமே வரலைன்னா ரவுட்டரோ ஐஎஸ்பியோ, மெஷினை தொட வேண்டாம். சின் (கனெக்ஷன் ஆரம்பிக்க கேக்குற) பாக்கெட் திரும்ப திரும்ப வருது, மெஷின் பதிலே அனுப்பலைன்னா மெஷினோட ஃபயர்வால், இல்ல மேல சொன்ன மாதிரி கேட்வே காலியாவோ தப்பாவோ இருக்கு. பதில் போகுது, ஆனா அதுக்கப்புறமும் அதே சின் திரும்ப வந்துகிட்டே இருக்குன்னா பதில் வழில தொலையுது, கேட்வே, விபிஎன், இல்ல ஒரே மெஷின்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு.

டிவிஆர்ல வயர்ஷார்க் ஓட்ட முடியாதே, அதுக்கு ஒரு சுலபமான வழி. ரூல்ல இன்டர்னல் ஐபியை கொஞ்ச நேரத்துக்கு உங்க லேப்டாப்புக்கு மாத்துங்க, லேப்டாப்ல அதே போர்ட்ல பைத்தானோட சின்ன வெப் சர்வரை ஓட்டுங்க, காலி ஃபோல்டர்ல இருந்து ஓட்டுங்க, ஏன்னா அந்த ஃபோல்டர்ல இருக்குறது எல்லாம் வெளில தெரியும். மொபைல் டேட்டால அந்த பேஜ் வந்தா ரவுட்டரும் ஐஎஸ்பியும் சுத்தம், பிரச்சனை டிவிஆர்ல. இந்த ஒரு டெஸ்ட் பண்ணிட்டா டிவிஆர்காரர் ரவுட்டரையும் நெட்காரர் டிவிஆரையும் கை காட்டுற சண்டை அங்கேயே நின்னுடும்.

## சுத்தவே இல்ல, உடனே கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வருது

டைம் அவுட்டை விட இது நல்லது. பாக்கெட் எங்கேயோ போய் சேர்ந்து, அங்க இருந்து ஒருத்தர் வேணாம்னு பதில் சொல்லியிருக்காங்க. சர்வீஸ் நின்னு போச்சான்னு பாருங்க, அப்புறம் உள் போர்ட் நம்பர். வெளி போர்ட்டை 40080ன்னு வச்சிட்டு உள் போர்ட்டையும் அதையே எழுதியிருப்பீங்க, ஆனா சர்வர் 80லதான் இருக்கும். அதுவும் இல்லன்னா இன்டர்னல் ஐபி இப்ப வேற மெஷினுக்கு போயிருக்கும், அந்த மெஷின்ல அந்த போர்ட் இல்லாததால மறுக்குது. ரூலே பொருந்தாம ரவுட்டரே மறுக்குறதும் உண்டு. இதுக்கு வெளி ஆள் தேவைப்படாது.

## இவ்வளவு நாள் ஓடிச்சு, திடீர்னு நின்னு போச்சு

மெஷினோட லோக்கல் ஐபி மாறியிருக்கும், பெரும்பாலும் கரண்ட் போய் வந்ததுக்கு அப்புறம். ரவுட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு அந்த மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) அந்த ஐபியை நிரந்தரமா ஒதுக்கிடுங்க, மெஷின்ல ரேண்டம் மேக்னு ஒரு ஆப்ஷன் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ரிசர்வேஷன் பிடிக்காது.

அடுத்து பப்ளிக் ஐபி மாறியிருக்கும். டிடிஎன்எஸ் பேர் (ஐபி மாற மாற தானா அப்டேட் ஆகுற டொமைன் பேர்) வச்சிருந்தா என்எஸ்லுக்கப் போட்டு அந்த பேர் எந்த ஐபியை காட்டுதுன்னு பாருங்க, பழசையே காட்டினா அப்டேட் பண்ற ஆப் நின்னு போச்சு இல்ல அக்கவுண்ட் காலாவதி ஆயிடுச்சு.

ரூல் இருக்கான்னும் பாருங்க, ஐஎஸ்பி பெட்டிக்கு தூரத்துல இருந்தே ஃபர்ம்வேர் அப்டேட் போடுவாங்க, சில சமயம் ரூல் எல்லாம் போயிடும். ரூலும் இருக்கு, ஐபியும் மாறல, ஆனா வரலைன்னா வேன் ஐபியை திரும்ப பாருங்க. பப்ளிக்ல இருந்தவங்களை சொல்லாமலே சிஜிநேட்டுக்கு மாத்துறது நடக்குது, அப்ப வேன் ஐபி 100லயோ 10லயோ வந்திருக்கும். ஃபோன் பண்ணி முன்ன இருந்த மாதிரி பப்ளிக் ஐபி வேணும்னு கேளுங்க, முன்னாடி இருந்ததுன்னு சொல்லி கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம்.

## என் சர்வருக்கு பதிலா ரவுட்டர் லாகின் பேஜ் வருது

வீட்டு வைஃபைல இருந்து பாக்கும்போது மட்டும் வந்தா பயப்பட வேண்டாம், லூப்பேக் இல்லாததால ரவுட்டரே பதில் சொல்லுது. மொபைல் டேட்டால பாத்தும் வந்தா உடனே ரிமோட் மேனேஜ்மென்ட்டை ஆஃப் பண்ணுங்க, மத்த வேலையெல்லாம் அதுக்கு அப்புறம்தான். உங்க ரவுட்டர் லாகின் பேஜ் உலகத்துக்கே திறந்து கிடக்குது, அட்மின் பாஸ்வேர்டையும் மாத்திடுங்க. அப்புறமா உங்க சர்வருக்கு வேற வெளி போர்ட் கொடுங்க.

## ரூல் சேவ் ஆகவே மாட்டேங்குது

போர்ட் கான்ஃப்ளிக்ட். அதே போர்ட்ல வேற ரூல் இருக்கு, இல்ல யுபிஎன்பி (ஆப்களே தானா போர்ட் திறந்துக்குற வசதி) மூலமா ஏதோ ஒரு ஆப் அதை எடுத்து வச்சிருக்கு, இல்ல ரவுட்டரே வச்சிருக்கு (7547 ஐஎஸ்பி மேனேஜ்மென்ட்டுக்கு). யுபிஎன்பி டேபிளை பாருங்க. கையால ரூல் போடுறவங்க யுபிஎன்பியை ஆஃப்லயே வைங்க.

## ஓப்பன் ஆகுது, ஆனா வீடியோ வரல, பாதில நிக்குது

லாகின் பேஜ் வருது, படம் வரலைன்னா இன்னொரு போர்ட் பாக்கி இருக்கு. வெப் பேஜ் ஒரு போர்ட்ல, படம் இன்னொரு போர்ட்ல வர்ற டிவிஆர் நிறைய. ஹிக்விஷன்ல வழக்கமா 8000, டாஹுவால 37777, ஆர்டிஎஸ்பி 554, உங்க மெஷினோட நெட்வொர்க் மெனுல சரியான நம்பர் இருக்கும். எஃப்டிபில லாகின் ஆகி ஃபைல் லிஸ்ட் வராம நிக்கிறதும் இதே ஜாதிதான், பேஸிவ் போர்ட் ரேஞ்சை (ஃபைல் போறதுக்கு தனியா திறக்குற போர்ட்கள்) சர்வர்ல ஒரு சின்ன வரிசையா முடிவு பண்ணிட்டு அதையும் ஃபார்வர்டு பண்ணணும்.

சின்ன பேஜ் வருது, பெருசா எது வந்தாலும் தொங்குதுன்னா எம்டியுவை (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) பாருங்க. பிபிபிஓஇ கனெக்ஷன்ல அது வழக்கமா 1492, ரவுட்டர்ல 1500னு இருந்தா மாத்தி பாருங்க. படம் விட்டு விட்டு வந்தா அது போர்ட்டே இல்ல, உங்க அப்லோட் வேகம் பத்தல, கேமராவை சப் ஸ்ட்ரீம்ல (தரம் குறைஞ்ச படம்) பாருங்க. வயர்கார்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அறுந்து போகுதுன்னா க்ளையண்ட்ல பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25னு போடுங்க.

## போர்ட் செக்கர் க்ளோஸ்டுங்குது, ஆனா ஃப்ரெண்ட்ஸ் கேம்ல வந்துட்டாங்க

யுடிபி. அந்த சைட்டுகள் பெரும்பாலும் டிசிபியைத்தான் பாக்கும், யுடிபில ப்ரோக்ராம் பதில் சொன்னாதான் திறந்திருக்குன்னே தெரியும், வயர்கார்டு மாதிரி ஒண்ணு சாவி தெரியாதவனுக்கு பதிலே சொல்லாது. நிஜமான க்ளையண்ட்ல இருந்து கனெக்ட் பண்ணி பாக்கறதுதான் இதுக்கு டெஸ்ட். செக்கரை நம்பி எதையும் மாத்தாதீங்க.

## எப்ப ஐஎஸ்பிக்கு ஃபோன் பண்ணணும், என்ன சொல்லணும்

மூணு நிலைமைல மட்டும்: வேன் ஐபி பப்ளிக்கா இல்ல, லேப்டாப் வெப் சர்வர் டெஸ்ட் பண்ணியும் எந்த வெளி போர்ட்லயும் பாக்கெட் வரல, ஐஎஸ்பி பெட்டிக்குள்ள முழு அட்மின் லாகின் கிடைக்கல. போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யலைன்னு மட்டும் சொன்னா ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்லி வச்சிடுவாங்க. என் வேன் ஐபி இது, வெளில காட்டுற ஐபி இது, ரெண்டும் வேற, நான் சிஜிநேட்ல இருக்கேன், எனக்கு பப்ளிக் ஐபிவி4 வேணும்னு கேளுங்க, முதல்ல எடுக்குறவருக்கு புரியலைன்னா டெக்னிக்கல் டீமுக்கு மாத்த சொல்லுங்க.

நெட்வொர்க் தெரிஞ்ச ஆளை காசு கொடுத்து கூப்பிடுறதுன்னா ப்ரிட்ஜ் மோடுக்கும், விபிஎஸ் டனலுக்கும், டிவிஆரை விபிஎன் வழியா மாத்தி வைக்கறதுக்கும் கூப்பிடலாம். வர்றவர் டிஎம்ஸெட் போட்டு வேலையை முடிக்க பாத்தா ஒத்துக்காதீங்க, அது அந்த மெஷினோட எல்லா போர்ட்டையும் திறந்து விடுறது. 2016ல மிராய்ங்கற மால்வேர், கம்பெனில இருந்து வந்த பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் தேடித் தேடி பிடிச்சு, அதையெல்லாம் வச்சு பெரிய பெரிய சைட்டுகளை விழ வச்சது. டிவிஆர் பாஸ்வேர்டை மாத்தாம அதுக்கு ரூல் போடாதீங்க. ரிமோட் டெஸ்க்டாப்போட 3389, ஃபைல் ஷேரிங்கோட 445 ரெண்டையும் நேரடியா திறக்கவே வேண்டாம், வெளி நம்பரை மாத்தினாலும் ஸ்கேன் பண்றவங்க கண்டுபிடிச்சிடுவாங்க, ஒரு வயர்கார்டு போர்ட் மட்டும் திறந்துட்டு மத்ததுக்கெல்லாம் அதுக்குள்ள போங்க.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும், டெஸ்டுக்காக போட்ட ரூல், ஆஃப் பண்ண ஃபயர்வால், லேப்டாப்ல ஓடிக்கிட்டு இருக்குற பைத்தான் சர்வர், இதையெல்லாம் பழையபடி ஆக்கிட்டு ரவுட்டர் கான்ஃபிகரேஷனை பேக்கப் ஃபைலா இறக்கி வச்சுக்கோங்க.